மஞ்சள் பாம்பு வாங்கலாமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கம்பைநல்லூரிலேயே பிறந்து வளர்ந்து விலங்கியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



லிப்ட் பராமரிப்பு, தண்ணீர்த் தொட்டி, பார்க்கிங் என்று பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்கு நடுவில் பாம்பைப் பற்றிப் பேச எனக்கு இருபது நிமிடம் கொடுத்த செயலாளருக்கு நன்றி. இதை நான் கேட்டு வாங்கவில்லை. காரணம் ஒரு தம்பி. இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பேர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சென்ற மாதம் லிப்ட்டில் என்னிடம் போனை நீட்டினான். மஞ்சளும் வெள்ளையுமாக, எலுமிச்சைச் சாதத்தில் தயிர் ஊற்றியது போல ஒரு பாம்பு, பந்தாகச் சுருண்டிருந்தது. கண் சிவப்பு. "தாத்தா, இது நிஜமா, இல்ல கலர் அடிச்சதா?" என்றான். நிஜம்தான் என்றேன். "ஒரு ஜோடி வாங்கிட்டா குட்டி வித்தே காலேஜ் பீஸ் கட்டிடலாமாம்" என்றான். அன்று மாலையே அவன் அப்பா கதவைத் தட்டினார். "சார், நான் சொன்னா கேக்க மாட்டேங்குறான். நீங்க சொல்லுங்க" என்றார்.

ஒரு பையனுக்கு மட்டும் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. நாளைக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை கேட்கும். ஆகவே அவன் கேட்ட இரண்டையும் உங்கள் முன்னாலேயே எடுத்துக்கொள்கிறேன். அந்த நிறம் எப்படி வருகிறது? அதை வாங்கலாமா?

அந்தப் பாம்பின் பெயர் பால் பைத்தான். செய்தித்தாளில் பந்து மலைப்பாம்பு என்று எழுதுகிறார்கள். சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதி. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து உலகம் முழுக்கப் போயிருக்கிறது. மூன்று, நான்கு அடிக்கு மேல் அதிகம் வளராது. விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். காட்டில் இருப்பது பழுப்பும் கறுப்புமாக, காய்ந்த இலைக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. நம் தம்பி காட்டிய மஞ்சள் பாம்பும் அதே இனம்தான். நிறம் மட்டும் வேறு.

பாம்பின் தோலில் நிறம் ஒரே பெயிண்ட் டப்பாவிலிருந்து வருவதில்லை. கறுப்பும் பழுப்பும் மெலனின் என்ற நிறமியால் வருகின்றன. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வேறு செல்கள். நம் தலைமுடி கறுப்பாக இருப்பதும் இதே மெலனினால்தான். மெலனின் தயாரிக்கும் வேலை நின்றுபோனால் மனிதருக்கு முடியும் தோலும் வெளுத்துவிடும். பாம்புக்குக் கறுப்பு மட்டும் போய் மஞ்சள் தங்கிவிடும். அதனால்தான் 'அல்பினோ' பாம்பு சுத்த வெள்ளையாக இல்லாமல் மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கிறது. கண்ணில் நிறமி இல்லாததால் ரத்தக் குழாய் தெரிந்து கண் சிவப்பாகத் தோன்றுகிறது.

சரி, தாயும் தகப்பனும் பழுப்பாக இருக்கும்போது மஞ்சள் குட்டி எங்கிருந்து வருகிறது? இங்கேதான் பத்தாம் வகுப்புப் பாடம் வருகிறது. மெண்டல், பட்டாணிச் செடி, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. மதிப்பெண் வாங்கியதும் எல்லோரும் மறந்துவிட்ட பாடம்.

இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சமையல் குறிப்பு இருக்கிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பிரதி. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. கறுப்பு நிறமி செய்யும் குறிப்பில் ஒரு பிரதி கிழிந்து போனாலும் கவலை இல்லை. இன்னொரு பிரதியைப் பார்த்துச் சமையல் நடந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டு பிரதியுமே கிழிந்திருந்தால்தான் கறுப்பு வராது. இதுதான் ஒடுங்கு பண்பு. ஒரு பிரதி கிழிந்திருந்தும் வெளியே தெரியாமல் இருக்கும் உயிரைப் பாம்பு வளர்ப்பவர்கள் 'ஹெட்' என்று சொல்கிறார்கள். ஹெட்டரோசைகஸ் என்பதன் சுருக்கம்.

உங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். அப்பாவுக்கு ஏ பாசிட்டிவ், அம்மாவுக்கு பி பாசிட்டிவ், பிள்ளைக்கு ஓ பாசிட்டிவ். ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அப்பா, அம்மா இருவரிடமும் ஓ ஒளிந்திருந்தது. பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அதுவே வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

மெண்டல் ஊதாப் பூ, வெள்ளைப் பூ பட்டாணிகளைக் கலந்தபோது முதல் தலைமுறை முழுக்க ஊதா. அதற்கடுத்த தலைமுறையில் 705 செடி ஊதா, 224 செடி வெள்ளை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஒளிந்திருந்தது வெளியே வந்துவிட்டது. 1866இல் அவர் அச்சிட்ட கணக்கை வைத்துத்தான் இன்றைக்கும் பாம்பு வியாபாரம் நடக்கிறது.

முதல் மஞ்சள் பாம்பை மனிதன் உண்டாக்கவில்லை. காட்டில் மிக அரிதாக அது தானாகவே பிறக்கும். பெரும்பாலும் பருந்துக்கோ கீரிக்கோ முதலில் பலியாவது அதுதான். பழுப்பு இலையில் மஞ்சள் பாம்பு எப்படி ஒளிய முடியும்? அப்படித் தப்பிய ஒன்று மனிதன் கையில் கிடைத்தால் கதை மாறுகிறது. அமெரிக்காவில் கார்ன் ஸ்னேக் என்றொரு பாம்பு. தானியக் களஞ்சியத்தில் எலி பிடிக்கும், நம் சாரைப் பாம்புக்குச் சொந்தக்காரன் மாதிரி. அதில் நிறமி இல்லாத ஒன்று 1953இல் வட கரோலினாவில் கிடைத்தது. பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர் அதன் வம்சத்தை வளர்த்து, இது ஒடுங்கு பண்புதான் என்று 1960களின் தொடக்கத்தில் நிரூபித்தார். பால் பைத்தானில் அல்பினோ வம்சத்தை 1992இல் பாப் கிளார்க்கும், வெள்ளைத் திட்டு விழுந்த 'பைபால்ட்' வகையை 1997இல் பீட் கால் என்பவரும் உறுதி செய்தார்கள். அதற்குப் பிறகு இது பெரும் தொழிலாகிவிட்டது.

எப்படி வம்சமாக்குகிறார்கள்? அதற்கு அமெரிக்கா போக வேண்டாம். நம் நாட்டு வெள்ளைப் புலியின் கதை போதும். 1951இல் மத்தியப் பிரதேசத்து ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங் ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்தார். மோகன் என்று பெயர் வைத்தார். பேகம் என்ற சாதாரணப் பெண் புலியோடு சேர்த்தார். மூன்று ஈற்றில் பத்துக் குட்டி. ஒன்றுகூட வெள்ளை இல்லை. கிழிந்த பிரதி ஒன்று அப்பாவிடமிருந்து எல்லாக் குட்டிக்கும் போயிருக்கும். அம்மாவிடமிருந்து வந்தது நல்ல பிரதி. அத்தனையும் ஹெட். பிறகு மோகனை அதன் சொந்த மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958இல் நான்கு குட்டி, நான்கும் வெள்ளை. அதில் மோகினி என்ற குட்டி 1960இல் வாஷிங்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போனது.

தகப்பனையும் மகளையும் சேர்த்தது அவர்களுக்கு வேறு வழி இல்லாததால். கிழிந்த பிரதி வைத்திருக்கும் வேறு புலி ஊரில் இல்லை. பாம்பிலும் தொடக்கம் இப்படித்தான். முதல் மஞ்சள் பாம்பை அதன் பிள்ளையோடு சேர்ப்பார்கள், அல்லது அண்ணன் தங்கையைச் சேர்ப்பார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ஒரே வம்சத்துக்குள் சேர்த்தால் நிறத்துக்கான கிழிந்த பிரதி மட்டுமா சேரும்? மற்றக் குறிப்புகளில் இருக்கும் கிழிசலும் சேர்ந்தே வரும்.   ஒரு தகப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டிக்கு, ஏதாவது ஒரு குறிப்பில் இரண்டு பிரதியும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறக்கும் பிள்ளைக்கு அது எட்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று.

இதை யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. என் அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன்தான். நம் பக்கத்தில் சொத்து வெளியே போகக்கூடாது, பெண் கண்காணாத ஊருக்குப் போகக்கூடாது என்று செய்த கல்யாணங்கள். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் சொந்தத்தில் கட்டியவர் வீட்டில் காது கேளாமலோ ரத்தக் கோளாறோடோ ஒரு பிள்ளை பிறந்தால், அது தாயின் பாவமோ மருமகளின் ராசியோ அல்ல. இரண்டு பக்கமும் ஒளிந்திருந்த ஒரே கிழிசல் சந்தித்துக்கொண்டது. அடுத்த பிள்ளைக்கு முன்னால் மருத்துவரிடம் மரபணு ஆலோசனை கேளுங்கள். சொந்தத்தில் சம்பந்தம் பேசுகிறவர்கள், பேசுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். இந்த உரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பாம்புக்கு வருகிறேன். இன்னொரு வகையும் சொல்ல வேண்டும். 'ஸ்பைடர்' என்று ஒரு பால் பைத்தான். சிலந்தி வலை போல மெல்லிய கோடு. இது ஒடுங்கு பண்பு இல்லை, ஒரு பிரதி வந்தாலே தெரிந்துவிடும். அந்த அழகோடு சேர்ந்து உள்காதிலும் கோளாறு வருகிறது. தலை ஆடும், திருகிக்கொள்ளும், எலியைக் குறி பார்த்து அடிக்க முடியாது. கோட்டை வைத்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் நீக்க இத்தனை வருடமாக யாராலும் முடியவில்லை. ஏனென்றால் இரண்டும் ஒரே குறிப்பில் இருக்கிறது. பாம்பு வலித்தாலும் கத்தாது. அதனால் வாங்குகிறவருக்குத் தெரியாது.

அடுத்தது காசு. தம்பி போட்ட கணக்கு இது: "ஹெட் ஜோடி வாங்கினா நாலு குட்டில ஒண்ணு மஞ்சள்." தப்பு. ஒவ்வொரு முட்டைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. அவ்வளவுதான். பால் பைத்தான் ஒரு தடவைக்கு ஐந்தாறு முட்டைதான் இடும். ஆறு முட்டையில் ஒன்றுகூட மஞ்சளாக இல்லாமல் போக வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டு. பகடையில் ஆறு விழும் என்று நம்பி வீட்டுக் கடன் வாங்குகிற மாதிரி. இரண்டு நிறப் பண்பும் சேர்ந்த குட்டி வேண்டுமென்றால் பதினாறில் ஒன்று. பெண் பாம்பு முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஏறக்குறைய மூன்று வருடம். அதற்குள் காலேஜ் பீஸ் கட்டும் தேதி வந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மஞ்சளாக இல்லாத குட்டிகளில் எது ஹெட், எது இல்லை என்று கண்ணால் சொல்லவே முடியாது. மூன்றில் இரண்டு ஹெட்டாக இருக்கலாம். அதனால் '66 சதவீத ஹெட்' என்று விலை போட்டு விற்பார்கள். நீங்கள் வாங்குவது வெறும் பழுப்புப் பாம்பும் ஒரு வாக்குறுதியும். பொய்யா மெய்யா என்று தெரிய மூன்று வருடம். இப்போது பாம்பு உரித்த சட்டையிலிருந்து மரபணுச் சோதனை செய்யும் வழி வந்திருக்கிறது. அமெரிக்காவில் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களே வளர்ப்பவர்களிடம் சட்டையை வாங்கி ஆராய்ந்து, எந்த மரபணு கெட்டால் எந்த நிறம் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு பாம்பையும் குத்தவில்லை, கீறவில்லை. நம் தம்பிகளுக்கு நான் காட்ட விரும்புவது இந்த மாதிரி வேலையைத்தான்.

விலை என்ன ஆனது? முதலில் வந்த அல்பினோவும் பைபால்ட்டும் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றன. வாங்கியவர் ஒவ்வொருவரும் குட்டி போட வைத்தார். குட்டி பெருகப் பெருக விலை விழுந்தது. நம் ஊரில் ஈமு கோழியை நினைத்துக்கொள்ளுங்கள். 2012இல் ஈரோடு பக்கம் தொடங்கிச் சரிந்தபோது, முட்டைக்கும் கறிக்கும் வாங்க ஆளே இல்லை என்று தெரிந்தது. குஞ்சு விற்றவர் சம்பாதித்தது அடுத்துக் குஞ்சு வாங்கியவரிடம். கடைசியில் வாங்கியவர் தலையில் விடிந்தது. என் சொந்தக்காரர் ஒருவர் ஆறு ஈமுவுக்குத் தீனி போட முடியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பாம்புக் கணக்கும் அதே கணக்குதான். ஈமு போனாலும் போய்ச் சேர்ந்தது. பால் பைத்தான் முப்பது வருடம் உயிரோடு இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒன்று 2020இல் முட்டையிட்டது. தம்பிக்கு இன்று பதினைந்து வயது. அவனுக்குப் பிள்ளை பிறந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை இந்தப் பாம்புக்கு எலி வாங்க வேண்டும்.

இனி சட்டம். இதை எல்லோரும் கவனியுங்கள்.

முதலாவது, நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை விலங்கு விஷயத்தில் பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மண்ணுளிப் பாம்பை 'இருதலை' என்று சொல்லி, லட்சக்கணக்கில் விலை போகும், வீட்டில் வைத்தால் செல்வம் கொட்டும் என்று நம் மாவட்டத்திலும் ஏமாற்றுகிறார்கள். அதற்கு ஒரு தலைதான். வால் மொட்டையாக இருப்பதால் தலை மாதிரித் தெரிகிறது. வாங்கினாலும் குற்றம், விற்றாலும் குற்றம்.

இரண்டாவது, வெளிநாட்டுப் பாம்பு. அழியும் அபாயமுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பால் பைத்தான் இருக்கிறது. 2022இல் நம் சட்டத்தைத் திருத்தி அந்தப் பட்டியலை நான்காம் அட்டவணையாகச் சேர்த்தார்கள். 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்தன. வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி பிறந்தாலும், இறந்தாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். பழைய உரிமையாளர்களுக்கு அப்போது ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஆகவே "பேப்பர் எல்லாம் அப்புறம் வரும், முதல்ல பாம்பை எடுத்துக்கோ" என்று யாராவது சொன்னால், அந்தப் பாம்பு எப்படி வந்தது என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

எப்படி வருகிறது? 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுக்காமல் கிடந்த பெட்டிகளில் 45 பால் பைத்தானும் 8 கார்ன் ஸ்னேக்கும் இருந்தன. ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 22 பாம்பு. ஜூலை கடைசியில் திருச்சியில் 47 மலைப்பாம்பு. செப்டம்பரில் பெங்களூரில் 55 பால் பைத்தான், அத்தனையும் விதவிதமான நிறம், கூடவே 17 ராஜநாகம். அதே சுமையில் வந்த ஆறு குரங்குகள் செத்துக் கிடந்தன. துணிப்பைக்குள்ளும் டப்பாவுக்குள்ளும் மடித்து, தண்ணீர் இல்லாமல், விமானத்தின் அடிவயிற்றில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். போனில் தெரியும் அந்த அழகான படத்துக்குப் பின்னால் இருப்பது இந்தப் பெட்டிதான்.

மூன்றாவது, தப்பித்தால் என்ன ஆகும்? "விஷம் இல்லாத பாம்புதானே, ஏரியில் விட்டுவிடலாம்" என்று நினைக்கக் கூடாது. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கிரான் கனாரியா என்ற தீவில் பாம்பே கிடையாது. கலிஃபோர்னியா கிங்ஸ்னேக் என்ற பாம்பை நிறத்துக்காக வளர்த்தவர்கள் வீட்டிலிருந்து சில வெளியே போய்விட்டன. 1998இல் முதலில் கண்ணில் பட்டது. அங்கே அல்பினோ பாம்புகளும் சுற்றுகின்றன. பிடிக்கப் பருந்து இருந்தாலும், அந்தப் பாம்பு பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருப்பதால் வெள்ளை நிறமும் தப்பித்துவிடுகிறது. அது குடியேறிய இடங்களில், உலகில் வேறெங்கும் இல்லாத அந்தத் தீவின் பெரிய பல்லி இனம் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துவிட்டது.

அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கம். வளர்ப்புக்காக வந்த பர்மிய மலைப்பாம்பு அங்கே சதுப்புக் காட்டில் பெருகிவிட்டது. ரக்கூன் என்ற விலங்கு கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு 2017இல் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? நம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரை. மண்ணில் தடத்தையும் எச்சத்தையும் பார்த்து, போன முதல் சில நாட்களிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆட்கள் அவர்கள். நம்மைக் காப்பாற்றும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்துக்கொடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிற சங்கம் அது. பாம்பின் மேல் உண்மையான ஆசை இருக்கும் பிள்ளைகள் அவர்களைப் பற்றிப் படியுங்கள்.

கடைசியாக ஒன்று. மஞ்சள் பாம்பை யூடியூபில் பார்த்துப் பார்த்து, வெளிறிய பாம்பு என்றாலே வளர்ப்புப் பாம்பு, கடிக்காது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. இதுதான் எனக்குப் பயம். நம் நாகப்பாம்பிலும் அல்பினோ பிறக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூர் குறிச்சி பக்கம் வெள்ளை நாகம் ஒன்றைப் பிடித்துக் காட்டில் விட்டார்கள். நிறம் போனதே தவிர விஷம் அப்படியே இருக்கும். நம் குடியிருப்பு நிற்கும் இடம் நேற்று வரை வயல். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கறுப்போ வெள்ளையோ, தெரியாத பாம்பைத் தொடக்கூடாது, அடிக்கவும் கூடாது, பாலும் ஊற்றக்கூடாது. தள்ளி நின்று ஒருவர் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்ல வேண்டும். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அசையாமல் படுக்கவைத்து 108க்குக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சங்கத்துக்கு என் யோசனை மூன்று. யார் வீட்டிலாவது வெளிநாட்டு உயிரினம் இருந்தால் பதிவுச் சான்றின் நகலைச் செயலாளரிடம் கொடுக்கட்டும். இருக்கும் கூண்டுக்குப் பூட்டு இருக்கட்டும். தப்பித்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே வாட்ஸ்அப் குழுவில் சொல்லட்டும். சொன்னவரை யாரும் திட்டக்கூடாது. திட்டுவார்களோ என்ற பயத்தில்தான் மறைப்பார்கள், மறைத்தால்தான் ஆபத்து.

பேசி முடித்ததும் இரண்டு கேள்விகள் வந்தன. அவற்றையும் சேர்க்கிறேன்.

ஒரு சகோதரி கேட்டார்: "இரண்டு மஞ்சள் பாம்பைச் சேர்த்தால் எல்லாக் குட்டியும் மஞ்சள்தானே வரும்?" நல்ல கேள்வி. ஒரே குறிப்பு கெட்டிருந்தால் ஆம். ஆனால் மெலனின் செய்யப் பல படிகள், பல குறிப்புகள். ஒரு பாம்பில் ஒரு குறிப்பும், இன்னொன்றில் வேறு குறிப்பும் கெட்டிருந்தால், ஒன்றில் இல்லாததை இன்னொன்று கொடுத்துவிடும். இரண்டு வெளிறிய பாம்புக்கும் அச்சு அசலான பழுப்புக் குட்டிகள் பிறக்கும். சமையலில் உப்பு மறந்த வீடும் புளி மறந்த வீடும் சேர்ந்தால் குழம்பு சரியாகிவிடுகிற மாதிரி.

பெரியவர் ஒருவர் கேட்டார்: "பையனுக்கு ஆசை வந்துவிட்டதே, வேண்டாம் என்று சொன்னால் போதுமா?" போதாது. வேண்டாம் என்பதோடு வேறொன்றைக் கையில் கொடுக்க வேண்டும். இதற்குப் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

எங்கள் தளத்தில் ஒரு அம்மா பல வருடமாக லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார். ஒரு பச்சை ஜோடி. இந்த முறை பொரித்த குஞ்சுகளில் ஒன்று நீலம். பச்சைக்குப் பச்சைதானே பிறக்கும், வேறு கூண்டுக் குஞ்சு எப்படி உள்ளே வந்தது என்று அவருக்குக் குழப்பம். போன வாரம் நம் தம்பி நோட்டோடு போய் நான்கு கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறான். இந்தப் பறவையில் நீலம் ஒடுங்கு பண்பு. "ரெண்டு பேருக்குள்ளயும் நீலம் முன்னாடியே இருந்திருக்கு ஆன்ட்டி, இப்பத்தான் வெளிய வந்திருக்கு" என்றானாம். இனி ஒவ்வொரு ஈட்டிலும் எத்தனை பச்சை, எத்தனை நீலம் என்று எழுதிவைக்கப் போகிறான். அந்த அம்மாவும் சரி என்றிருக்கிறார்.

அவன் பாம்பு வேண்டும் என்று இன்னும் கேட்கிறானா என்று அவன் அப்பாவிடம் நான் கேட்கவில்லை. நோட்டில் முதல் பக்கம் நிரம்பட்டும், பிறகு கேட்கிறேன்.

 இனி லிப்ட் விஷயம் பேசலாம்.